ஸ்டிக்கில் அடங்காத சொல்

1976-இல் எனக்கு இருபது வயது. திண்டுக்கல் நாகல் நகரில் ஓர் அச்சகத்தில் கம்பாசிட்டராக வேலை பார்த்தேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், ரசீதுப் புத்தகம் என்று ஓடிக்கொண்டிருந்த வேலைக்கு நடுவே, ஒரு நாள் குருமடத்துச் சாமியார் ஒருவர் சைக்கிளில் வந்து இறங்கினார். கையில் ஒரு நோட்டு. மாணவர்களுக்கான லத்தீன் பயிற்சி ஏடு, நாற்பது பக்கம். முதலாளி வாங்கி என் பக்கம் நகர்த்தினார். "எழுத்துதானேப்பா, பார்த்துப் பார்த்துக் கோத்துடு" என்றார்.

ஆங்கில எழுத்துப் பெட்டிதான் லத்தீனுக்கும். ஆனால் நான்காம் பக்கத்திலேயே 'யூ' தீர்ந்துவிட்டது. அடுத்து 'எம்'. 'கியூ' இருந்ததே ஒரு பிடி, அதுவும் போயிற்று. 'டபிள்யூ'வும் 'கே'யும் மட்டும் சீந்துவாரில்லாமல் அறையில் கிடந்தன. நாலு பக்கம் ஓட்டி, எழுத்தைப் பிரித்துப் போட்டு, மறுபடி நாலு பக்கம் கோத்தேன். ஒரு மாதம் ஆயிற்று. அர்த்தம் தெரியாத மொழிதான். ஆனாலும் எது நீளச் சொல், எது அடிக்கடி வருகிற சொல், எது எழுத்துக் கோக்கும் ஸ்டிக்கில் அடங்காமல் வரியை உடைக்கிற சொல் என்று என் விரல்களுக்குத் தெரிந்துவிட்டது. புரூஃப் திருத்த வந்த சாமியார் ஒவ்வொரு முறையும் நாலு சொல்லுக்குப் பொருள் சொல்லிவிட்டுப் போவார். மொழிகளைப் பற்றி நான் யோசிக்கத் தொடங்கியது அந்த மாதத்தில்தான்.

எங்கள் வீட்டில் அப்போது குழித்தறி ஓடிக்கொண்டிருந்தது. நாகல் நகரின் பெரும்பாலான சௌராட்டிரக் குடும்பங்களைப் போல எங்கள் அப்பாவும் நெசவாளி. பாவு நூல்களைப் பிரித்து நிறுத்துகிற, ஊடையைத் தட்டிச் சேர்க்கிற சீப்புப் போன்ற உறுப்புக்குத் தறியில் 'அச்சு' என்று பெயர். காலையில் அப்பா அச்சைப் பிடிப்பார். நான் அச்சாபீசுக்குக் கிளம்புவேன். இரண்டும் ஒரே சொல் என்பது எனக்கு வெகுநாள் உறைக்கவில்லை. வெல்லத்துக்கு அச்சு, தறிக்கு அச்சு. ஐரோப்பாவிலிருந்து அச்சு எந்திரம் வந்து இறங்கியபோது தமிழ் புதிதாக ஒன்றையும் தேடி அலையவில்லை. வீட்டில் இருந்த சொல்லுக்கு இன்னொரு வேலை கொடுத்தது, அவ்வளவுதான். அந்தச் சொல்லும் தலைமுறை தலைமுறையாக அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

புதுச் சொல் ஆக்குவதைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு. அதை இந்த அச்சிலிருந்துதான் தொடங்க முடியும்.

லத்தீனைத் தாய்மொழியாகப் பேசும் குழந்தை இன்று எங்கும் இல்லை. ஆனால் கத்தோலிக்கத் திருச்சபை அந்த மொழியைக் கைவிடவில்லை. திருத்தந்தை ஆறாம் பவுல் 1976-இல் லத்தீனுக்கென்று ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார். நான் ஈய எழுத்தில் 'யூ' தேடிக்கொண்டிருந்த அதே வருஷம். அந்த அறக்கட்டளையினர் புதுக்காலப் பொருள்களுக்கு லத்தீன் சொல் தரும் அகராதியை 1992-இலும் 1997-இலும் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார்கள். பல வருஷம் கழித்து அந்தச் சாமியாரைச் சந்தித்தபோது அதன் சில பக்கங்களை நகலெடுத்து வைத்திருந்தார். ஆசையோடு வாங்கிப் பார்த்தேன்.

பீட்சாவுக்கு 'அமுக்கிய அப்பம்' என்று பொருள்படும் இரண்டு சொல். ஜீன்ஸுக்கு 'நீல நிறத் துணிக் காற்சட்டை' என்று மூன்று சொல். ஃபேக்ஸுக்கு 'எக்ஸெம்ப்ளும் சிமில்லிமே எக்ஸ்பிரெஸ்ஸும்'. மிகவும் ஒத்திருக்கும்படி பதித்தெடுத்த படி என்று பொருள். பழைய பழக்கத்தில் என் மனம் எழுத்தை எண்ணியது. இருபத்தாறு எழுத்து. உலகம் முழுக்க அதைச் சொல்லிக்கொண்டிருந்தது மூன்றே எழுத்தில்.

அந்தப் பெரியவர்களின் உழைப்பை நான் மதிக்கிறேன். லத்தீனின் இலக்கணம் கெடாமல், பழைய ஆசிரியர்கள் கையாண்ட வேர்களிலிருந்தே ஒவ்வொரு சொல்லையும் கட்டியிருக்கிறார்கள். ஆனால் அவற்றில் பல, பெயர்கள் ஆகவில்லை, விளக்கங்களாக நின்றுவிட்டன. பொருளைப் பார்க்காதவனுக்கு அது இன்னது என்று சொல்வது விளக்கம். பொருளைக் கையில் வைத்திருப்பவன் பக்கத்தில் இருப்பவனிடம் 'அதை எடு' என்று கேட்பதற்குப் பெயர் வேண்டும். தறிமேட்டிலிருந்து அப்பா கத்துவார்: "தார் தீந்துபோச்சு!" திண்ணையில் ராட்டை சுற்றிக்கொண்டிருக்கும் அம்மா எடுத்து நீட்டுவார். தறியில் ஓடும் நாடாவுக்குள் வைக்கும் நூற்குச்சிக்கு 'தார்'. ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். 'ஊடை நூல் சுற்றிய சிறு குச்சி' என்று சொல்ல வேண்டியிருந்தால் அதற்குள் தறி நின்றிருக்கும்.

நம் கலைச்சொல் பட்டியல்களிலும் இந்தக் குறை இருக்கிறது. 'தானியங்கிப் பணம் வழங்கும் இயந்திரம்' என்று எழுதுகிறோம். கோத்துப் பார்த்தால் ஒரு வரி போய்விடும். யார் அதை வாயால் சொல்வார்கள்? அதே சமயம் நல்ல பெயர்களும் நம்மிடம் உண்டு. மின்தூக்கி, மென்பொருள், இணையம், சுட்டி ஆகியவற்றைப் பாருங்கள். கணினியில் கையால் நகர்த்தும் கருவிக்கு ஆங்கிலத்தில் எலியின் பெயர் என்பதற்காக நாம் எலியை மொழிபெயர்க்கவில்லை. அது செய்யும் வேலையைப் பார்த்துச் 'சுட்டி' என்றோம். ஃபேக்ஸுக்குத் 'தொலைநகல்' என்று வைத்ததும் அருமையான சொல்தான். ஐந்தே எழுத்தில் பெயரும் ஆயிற்று, பொருளும் தெரிந்தது. ஆனால் அந்தச் சொல் கடைக்கு வந்து சேர்வதற்குள் ஃபேக்ஸ் எந்திரமே கடையைவிட்டுப் போய்விட்டது. நல்ல சொல்லும் காலத்தோடு வர வேண்டும்.

லத்தீன் இன்றும் புழங்கும் இடம் ஒன்றை நாகல் நகரிலேயே காட்டுகிறேன். எந்த மருந்துக் கடைக்கும் போய் டாக்டர் சீட்டை நீட்டுங்கள். 'பி.டி.' என்று எழுதியிருந்தால் கடைக்காரர் மாத்திரை அட்டையின் பின்னால் காலை, இரவு என்று குறித்துத் தருவார். 'டி.டி.எஸ்.' என்றால் மூன்று வேளை. 'எஸ்.ஓ.எஸ்.' என்றால் வலி இருந்தால் மட்டும். 'பிஸ் டீயே', ஒரு நாளில் இருமுறை. 'தெர் டீயே சுமெந்தும்', மூன்று முறை உட்கொள்ளத்தக்கது. 'சி ஓபுஸ் சித்', தேவைப்பட்டால். மூன்றும் சுத்தமான லத்தீன். அகராதிக்காரர்கள் யாரும் வந்து பரப்பாமலே ரவுண்டானா வரைக்கும் வந்து நிற்கிறது. எழுதுகிற கைக்கு அவசரம், படிக்கிற கண்ணுக்கு அது போதும். அந்தத் தேவைதான் அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறது.

இன்னொன்றும் சொல்கிறேன். திண்டுக்கல் பூட்டுக்குப் பேர் போன ஊர். 2019-இல் அந்தப் பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அதன் வகைகளில் ஒன்றுக்கு மாங்காய்ப் பூட்டு என்று பெயர். பட்டறைக்காரன் வடிவத்தைப் பார்த்து வைத்த பெயர் அது. எந்தக் குழுவும் கூடி முடிவு செய்யவில்லை. பூட்டு நம் சொல். அதைத் திறக்கிற சாவி? போர்த்துக்கீசிய 'ஷாவே'. அதற்குத் தாய், லத்தீன் 'கிளாவிஸ்'. மேசையும் அலமாரியும் ஜன்னலும் அதே கப்பலில் வந்தவைதான். திறவுகோல் என்ற நல்ல சொல் நம்மிடம் இருந்தும் 'சாவி' குடியேறிவிட்டது. இன்று அதை அந்நியம் என்று யாரும் விரட்டுவதில்லை; விரட்டவும் கூடாது. சாவிக்கொத்து, சாவித் துவாரம், சாவி கொடுத்தல் என்று தமிழோடு அது குடும்பம் நடத்துகிறது.

விவரிப்பதைவிடப் பெயர் வைப்பது கடினம் என்று ரோமானியர்களுக்கும் தெரிந்திருந்தது. கிரேக்கத் தத்துவத்தை லத்தீனில் எழுதத் துணிந்த சிசரோவுக்கு, ஒரு பொருளின் 'எத்தகையது' என்பதைக் குறிக்கச் சொல் கிடைக்கவில்லை. கி.மு. 45 வாக்கில் அவர் 'எத்தகைய' என்று பொருள்படும் 'குவாலிஸ்' என்ற கேள்விச் சொல்லிலிருந்து 'குவாலிதாஸ்' என்று ஒரு பெயர் ஆக்கினார். நாம் 'தன்' என்பதிலிருந்து 'தன்மை' கண்ட மாதிரி. ஒரு வழக்கறிஞர் தன் எழுத்து வேலைக்காக உருவாக்கிய அந்தச் சொல் இரண்டாயிரம் வருஷம் நடந்து, ஆங்கிலம் ஏறி, இங்கே சேலை வாங்க வருகிற வியாபாரியின் வாயில் "குவாலிட்டி பத்தலைங்களே" என்று வந்து இறங்கியிருக்கிறது. விளக்கம் இத்தனை தூரம் நடக்காது. பெயர் நடக்கும்.

இதுவரை சொன்னது பெயர்ச்சொல்லைப் பற்றி. ஆனால் மொழியின் உயிர் வேறு இடத்தில் இருக்கிறது. அதை எனக்குக் காட்டியது என் வீட்டு மொழி.

சௌராட்டிரத்தைத் தாய்மொழி என்று 2011 கணக்கெடுப்பில் சொன்னவர்கள் ஏறத்தாழ 2.47 இலட்சம் பேர். எங்கள் எழுத்துக்கு 2008-இல் யூனிகோடில் இடம் கிடைத்தது. ஆனால் புதுப் பொருளுக்குச் சொல் தர எங்களுக்கு வாரியமோ துறையோ கிடையாது. எங்கள் அம்மா பேசும்போது கேட்டிருக்கிறேன். பொருளின் பெயர் தமிழாக இருக்கும், தெலுங்காக இருக்கும், ஆங்கிலமாக இருக்கும். எடுத்தது, வைத்தது, போனது, வந்தது எல்லாம் சௌராட்டிரமாகவே இருக்கும். பல நூறு ஆண்டு இடம்பெயர்ந்து வந்தும் அந்த மொழி கரைந்துபோகாமல் நின்றது அந்த வினைச்சொற்களின் பலத்தில்தான். தறியில் ஊடை எந்த நிறமும் ஓடலாம். பாவு அறுந்தால்தான் துணி இல்லை. எங்கள் மொழிக்குப் பாவு, வினை.

தமிழுக்கும் அதுதான் கதை. போனில் சார்ஜ் ஏறுகிறது, இறங்குகிறது, நிற்கவில்லை. படம் ஓடுகிறது, தறியும் ஓடுகிறது, கடையும் ஓடுகிறது. ஃபேக்ஸ் போட்டோம், ஜெராக்ஸ் எடுத்தோம். 'சார்ஜ்' வந்தேறிதான், ஆனால் பேட்டரிக்குள் அது தண்ணீரைப் போல ஏறி இறங்குகிறது என்று கண்டது தமிழ்க் கண். 'சார்ஜ் நிக்கலை' என்று சொன்னவன் ஒரு புதிய கருத்தைத் தமிழில் மொழிபெயர்த்துவிட்டான். எந்தப் பட்டியலிலும் அது ஏறியதில்லை. பட்டியல் போடுகிறவர்கள் பெயரைத் தேடிப் போகிறார்கள், வினையை விட்டுவிடுகிறார்கள்.

வத்திக்கானில் ஒரு பண எந்திரம் லத்தீனில் பேசும் என்பார்கள். அட்டையைச் செருகு என்று வினைச்சொல்லில்தான் அது தொடங்குகிறது. இங்கே ஓர் எந்திரத்தில் தமிழை அழுத்தினேன். 'பரிவர்த்தனை'யும் 'திரும்பப் பெறுதலும்' திரையில் வந்தன. எனக்குப் பின்னால் நின்ற ஓர் அம்மா தமிழை அழுத்திப் பார்த்துவிட்டு ஆங்கிலத்துக்கு மாறினார். "இங்கிலீஷுதாண்ணே புரியுது" என்றார். தமிழில் எழுதிக்கொடுத்தவர் 'பணம் எடுக்க' என்று எழுதியிருந்தால் போதும். எடு என்ற வினை அவர் நாக்கிலேயே இருந்தது.

இந்த இடத்தில் வீரமாமுனிவரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அவர் இயற்பெயரிலேயே நம் ஊரில் பெஸ்கி கல்லூரி இருக்கிறது. இத்தாலியில் பிறந்து 1710-இல் இந்தியா வந்தவர். தேம்பாவணியும் சதுரகராதியும் தந்தவர். திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனில் பெயர்த்தவர். ஏகார ஓகாரங்களுக்கு நாம் இன்று எழுதும் வடிவத்தை அவர் பெயரோடுதான் சேர்த்துச் சொல்கிறார்கள். எழுத்துப் பெட்டியில் இரட்டைக் கொம்பை எடுக்கும்போதெல்லாம் நான் அவரை நினைத்ததுண்டு. ஆனால் அவர் செய்ததில் என்னைப் பெரிதும் கவர்ந்தது வேறொன்று. செந்தமிழுக்கு லத்தீனில் இலக்கணம் எழுதியதோடு நிற்காமல், தெருவில் பேசுகிற தமிழுக்கும் தனியாக ஓர் இலக்கணம் எழுதினார். 1728-இல் முடித்த அந்த நூல் 1738-இல் தரங்கம்பாடியில் அச்சாயிற்று. நம் பண்டிதர்கள் கொடுந்தமிழ் என்று ஒதுக்கிய பேச்சிலும் ஒழுங்கு உண்டு என்று லத்தீன் படித்த ஒருவர் காது கொடுத்துக் கேட்டு எழுதிவைத்தார். சொல்லாக்குபவருக்கு முதலில் வேண்டியது அந்தக் காது.

இரண்டு பக்கத்திலிருந்தும் எனக்கு மறுப்பு வரும். ஒரு பக்கத்தார், ஆங்கிலச் சொல்லே போதும், எதற்கு இந்த வீண் வேலை என்பார்கள். போதாது. எந்திரத்தின் மேல் எழுதியிருப்பதைப் படிக்க முடியாத தொழிலாளி அந்த எந்திரத்துக்கு வெறும் கைதான். அதைத் திருத்தவும் மாற்றவும் அவன் நினைக்க மாட்டான். தன் மொழியில் பெயர் சொல்லத் தெரிந்தவன்தான் தைரியமாகக் கழற்றிப் பார்ப்பான். தறியைக் கழற்றிப் பூட்ட எங்கள் அப்பாவுக்கு எந்தப் புத்தகமும் வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு உறுப்பும் பெயரோடு அவர் மனதில் இருந்தது. மறு பக்கத்தார், பிறமொழிச் சொல் ஒன்றுகூட வேண்டாம் என்பார்கள். அவர்களிடம் சாவியைக் காட்டுவேன்.

நான் கேட்பது மூன்று காரியம்.

தமிழக அரசின் செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்ட இயக்ககம் 'சொற்குவை'யில் கலைச்சொற்களைத் திரட்டி வெளியிடுகிறது. நல்ல பணி. அதில் இன்னொரு படியைச் சேர்க்க வேண்டும். புதுச் சொல்லை வெளியிடும் முன்பு, அந்தப் பொருளைக் கையாளுபவர்கள் பத்துப் பேரிடம் கொடுத்து ஒரு மாதம் புழங்கவிடுங்கள். நெசவுக்கான சொல்லை நெசவாளியிடம், மின்சாரத்துக்கான சொல்லை வயர்மேனிடம், மருந்துக்கான சொல்லை நர்ஸம்மாவிடம். ஒரே மூச்சில் சொல்ல முடிகிறதா, பக்கத்துப் பொருளோடு குழம்பாமல் இருக்கிறதா, நாலு தமிழ் வினை அதோடு ஒட்டுகிறதா என்று அவர்கள் சொல்லிவிடுவார்கள்.

இரண்டாவது, இருக்கிற சொற்களைச் சேகரியுங்கள். குழித்தறிகள் ஒவ்வொன்றாக மூடப்படுகின்றன. தறி போகும்போது அச்சும் விழுதும் தாரும் நாடாவும் சேர்ந்துதான் போகும். பூட்டுப் பட்டறையிலும் தோல் ஷாப்பிலும் அதே நிலைமை. நாளைக்கு ஒரு புதுக் கருவி வரும்போது வேலை கொடுக்க அந்தச் சொற்கள் உயிரோடு இருக்க வேண்டும். நம் மாவட்டக் கல்லூரித் தமிழ்த்துறைகளும், காந்திகிராமப் பல்கலைக்கழகமும் மாணவர்களை நோட்டோடு அனுப்பலாம். நாகல் நகருக்கு வருபவர்கள் தமிழ்ப் பெயரோடு சௌராட்டிரப் பெயரையும் எழுதிக்கொண்டு போகட்டும். பெரியவர்கள் இருக்கும்போதே வாருங்கள்.

மூன்றாவது, வினையைப் பட்டியலில் ஏற்றுங்கள். சார்ஜ் ஏறும் என்பது அகராதிக்கு வந்தாக வேண்டிய தமிழ்.

போன மாதம் என் செல்போனைச் சரிபார்க்கக் கொடுக்கப் போனேன். கடைப் பையனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். 'டச்சு' வேறு, 'டிஸ்ப்ளே' வேறு என்று எனக்கு விளக்கிக்கொண்டிருந்தான். மேலே விரல் படுவது ஒன்று, கீழே படம் தெரிவது இன்னொன்று. ஒன்று போனால் ஒரு விலை, இரண்டும் போனால் வேறு விலை. நாம் எழுதுகிற 'தொடுதிரை' இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. அவன் கடையில் அது உதவாது என்று அப்போதுதான் புரிந்தது. அந்த நேரத்தில் ஒரு வயதான அம்மா, பேரன் அனுப்பிய போனைப் பையில் சுற்றிக் கொண்டுவந்து நீட்டினார். கண்ணாடி முழுக்கச் சிலந்தி வலையாகக் கீறல்.

"எல்லாம் போச்சாப்பா?"

பையன் விளக்கடியில் போனைத் திருப்பிப் பார்த்தான். அவரிடம் டச்சு, டிஸ்ப்ளே என்று சொல்லிப் பயனில்லை என்று அவனுக்குத் தெரியும். ஒரு நொடிதான் யோசித்தான்.

"இல்ல ஆத்தா. மேல்கண்ணாடிதான் உடைஞ்சிருக்கு. உள்திரை நல்லா இருக்கு."

"அப்ப மேல்கண்ணாடிய மட்டும் மாத்திரு" என்றார் அந்த அம்மா.

இரண்டு சொல். இரண்டும் ஸ்டிக்கில் அடங்கும், இரண்டும் குழம்பாது, உடையும், மாற்றலாம். சொன்ன மறுகணமே கேட்டவர் வாயில் ஒன்று புழங்கியும் விட்டது. பையன் அதை மறந்துவிட்டு அடுத்த போனை எடுத்தான். எழுதிக்கொள்ள அங்கே ஆள் இல்லை. நான் என் பையிலிருந்த ரசீதின் பின்பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டேன்.